நடவாத பிரயாணத்தின் பணம் யாருக்குச் சொந்தம்?

கொரோனா என்னும் கொள்ளைநோய் வந்து நாடுகளின் வாசல்களைச் சாத்திய 2020-ஆம் ஆண்டைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், நம் வியாபாரிகள் கப்பலையும் சரக்கையும் பற்றியே பேசுவது வழக்கமாயிருக்கிறது. வெங்காயம் வரவில்லை, துணிக்கட்டு துறைமுகத்தில் கிடந்தது, கப்பல் கூலி ஏறிப் போயிற்று என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் உலக வர்த்தக நிறுவனத்தார் கணக்கெடுத்துப் பார்த்தபோது, அவ்வாண்டில் நாட்டுக்கு நாடு நடந்த சரக்கு வியாபாரம் அளவில் நூற்றுக்கு 5 பங்கு போலத்தான் குறைந்திருந்தது. சேவை வியாபாரமோ மதிப்பில் நூற்றுக்கு 20 பங்கு விழுந்துவிட்டது. அதற்குள்ளும் பிரயாணிகள் வெளிநாட்டில் செய்யும் செலவு என்ற பகுதியைத் தனியே எடுத்தால், நூற்றுக்கு 60-க்கும் மேலே விழுந்திருக்கிறது. அடி விழுந்த இடம் ஒன்று, நாம் தடவிப் பார்க்கும் இடம் வேறொன்று.

சேவை வியாபாரம் என்ற சொல் நம் கடைத்தெருவில் அதிகம் புழங்காது. பொருள் என்னவோ நமக்குப் பழக்கமானதே. ஜப்பான்காரர் ஒருவர் சிங்கப்பூர் ஓட்டலில் ஓர் இரவு தங்கிக் கொடுக்கும் வாடகை, சிங்கப்பூர் செய்த ஏற்றுமதி. பெட்டி எதுவும் கப்பலேறவில்லை, ஆனாலும் ஏற்றுமதிதான். மேடானிலிருந்து பினாங்குக்கு வந்து வைத்தியம் செய்துகொள்ளும் இந்தோனேசியர் ஆஸ்பத்திரியில் கட்டும் காசு, மலேசியாவின் ஏற்றுமதி. 2019-ல் அப்படி வைத்தியத்துக்கென மலேசியாவுக்கு வந்த வெளிநாட்டார் 12 லட்சம் பேர். நம்மில் ஒருவர் மக்காவில் அறை எடுத்துத் தங்கினால் அது நாம் செய்த இறக்குமதி.

1995-ல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தின் உடன்படிக்கை ஒன்று, இந்தச் சேவை வியாபாரம் நான்கு வழியில் நடப்பதாகப் பிரித்துச் சொல்கிறது. சேவை மட்டும் தந்தி, கம்பி வழியாக எல்லை தாண்டிப் போவது ஒன்று. வாங்குகிறவரே விற்கிறவர் நாட்டுக்கு வந்து அனுபவிப்பது இரண்டு. விற்கிறவர் அடுத்த நாட்டில் கிளை திறப்பது மூன்று. விற்கிறவர் தம் உடம்போடு அடுத்த நாட்டுக்குப் போய் வேலை செய்து கொடுப்பது நான்கு. நோய் வந்து என்ன செய்தது? இரண்டாவது வழியையும் நான்காவது வழியையும் அடைத்தது. முதலாவது வழியை அகலப்படுத்தியும் விட்டது! கம்ப்யூட்டர் சேவை, பண நிர்வாகம் ஆகியவற்றின் ஏற்றுமதி உலகம் முழுவதும் அந்த ஆண்டில் ஏறியே இருக்கிறது. ஆகவே சிங்கப்பூரைப் போன்ற நாட்டின் மொத்தக் கணக்கைப் பார்க்கிறவர்களுக்குப் பெரிய பள்ளம் தெரியாது. பாங்குக்காரர் வீட்டிலிருந்தே விற்றார். டாக்சிக்காரர் எதை வீட்டிலிருந்து விற்பார்?

சில எண்களைச் சொல்லிவிட்டு மேலே போவோம். 2019-ல் சிங்கப்பூருக்கு வந்த வெளிநாட்டுப் பிரயாணிகள் 1 கோடியே 91 லட்சம் பேர். 2020-ல் 27 லட்சம். 2021-ல் 3 லட்சத்து 30 ஆயிரம். மலேசியாவுக்கு 2019-ல் 2 கோடியே 61 லட்சம் பேர் வந்தார்கள். 2021-ல் வந்தவர்கள் 1 லட்சத்து 35 ஆயிரத்தை எட்டவில்லை. சாங்கி விமான நிலையத்தை 2020 ஏப்ரல் மாதம் முழுவதிலும் கடந்தவர்கள் சுமார் 25 ஆயிரம் பேர். 2019-ல் நாலு மணி நேரத்துக்குள் அதைவிட அதிகம் பேர் அங்கே நடந்து போயிருப்பார்கள்.

நான்காவது வழியில் போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன் பாலம் கடந்து வந்து, சிங்கப்பூரில் வேலை செய்து, இரவில் வீடு திரும்பிய மலேசியர்களை நாம் எல்லோரும் அறிவோம். 2020 மார்ச் 18-ந் தேதி மலேசியா எல்லையைச் சாத்தியபோது அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ராத்திரி யோசனை: சம்பளமா, வீடா? சம்பளத்தைத் தேர்ந்தவர்களைத் தங்கவைக்கச் சிங்கப்பூர் அரசாங்கம் முதலாளிகளுக்கு ஆளுக்கு ஒரு இரவுக்கு 50 வெள்ளி வீதம் 14 இரவுகளுக்கு உதவியது, நல்ல காரியம். ஆனால் பாலம் பழையபடி எல்லோருக்கும் திறந்தது 2022 ஏப்ரல் 1-ந் தேதியில். 14 இரவுக்கும் இரண்டு வருஷத்துக்கும் நடுவில் இருந்த தூரத்தை அந்தக் குடும்பங்களே சுமந்தன. இதை ஏன் இங்கே சொல்கிறோமென்றால், சேவையை விற்கிறவர் பெரும்பாலும் தம்மையே விற்கிறார். கதவு சாத்தப்படும்போது சரக்கு அல்ல, ஆள் அகப்பட்டுக்கொள்கிறார்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நாம் நடத்துவது ஊருக்குப் போகிறவர்கள் சாமான் வாங்கும் கடை. பெட்டி, பை, போர்வை, கோடாலித் தைலம், சென்ட் வகை. இந்தியா 2020 மார்ச் 23-ந் தேதி முதல் வெளிநாட்டுப் பிரயாணி விமானங்களின் வழக்கமான போக்குவரத்தை நிறுத்தியது. மறுபடி தொடங்கியது 2022 மார்ச் 27-ந் தேதியில். அந்த இரண்டு வருஷத்தில் இடையிடையே தனி விமானங்கள் பறந்ததைத் தவிர, திருச்சிக்கும் சென்னைக்கும் பெட்டி கட்டுவோர் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும்படி ஆயிற்று. (நம் பக்கத்துக் குருவிகள் எல்லாம் கூட்டில் அடங்கிக் கிடந்த காலம் அது ஒன்றுதான்!) அலமாரியில் அடுக்கிய பெட்டிகள் தூசி பிடித்தன. வாடகையும் வட்டமிட்டது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் விற்காத பெட்டி 2022 ஏப்ரலிலும் பெட்டியாகவே இருந்தது. துடைத்து வைத்தோம், விற்றோம்.

அதே தெருவில் டிக்கெட்டும் உம்ரா ஏற்பாடும் செய்யும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் விற்பது இருக்கை. ஓட்டல் அறையின் இரவு. மார்ச் 25-ந் தேதி இரவில் யாரும் படுக்காத அறையை மார்ச் 26-ந் தேதி விற்க முடியாது. அந்த இரவு போயே போயிற்று. காலியாகப் பறந்த இருக்கையை அலமாரியில் வைத்துத் தூசி தட்ட ஏலாது. சரக்கு வியாபாரிக்கு ஆபத்து வந்தால் கையில் சரக்காவது மிஞ்சும். சேவை வியாபாரிக்கு ஆபத்து வந்தால் மிஞ்சுவது இரண்டே: அவர் கொடுத்த வாக்கும், அந்த வாக்கை நம்பிப் பிறர் முன்கூட்டிக் கொடுத்த பணமும். வாக்கை நிறைவேற்ற வழியில்லை. பணம் மட்டும் இருக்கிறது. அது யாருடையது?

2020 பிப்ரவரி 27-ந் தேதி சவூதி அரேபியா வெளிநாட்டாருக்கு உம்ராவை நிறுத்திவைத்தது. பெட்டி கட்டி, உறவினரிடம் விடைபெற்று, விமான நிலையம்வரை வந்து திரும்பியவர்களும் உண்டு. மே மாதத்தில் சிங்கப்பூர் தன் 900 ஹாஜிகளின் பயணத்தைத் தள்ளிவைத்தது. ஜூனில் மலேசியாவும் தன் 31,600 பேரை அனுப்புவதில்லை என்று அறிவித்தது. அந்த ஆண்டு ஹஜ்ஜு சவூதிக்குள் ஏற்கனவே இருந்த மிகச் சிலரோடு நடந்தது; முந்தின ஆண்டு ஏறத்தாழ 25 லட்சம் பேர் நின்ற இடம் அது. ஒரு நாட்டின் சேவை வியாபாரம் நின்றது என்று பத்திரிகைகள் எழுதும் ஒரே வரிக்குள், இப்படி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கடைவாசலில் நின்ற கிழவர்களும் கிழவிகளும் அடங்கியிருக்கிறார்கள்.

அப்போது நம் காதில் விழுந்த வாதங்கள் இரண்டு. கொடுத்தவர் சொன்னார்: "நான் காசு கொடுத்தது போவதற்கு. போகவில்லை. காசைக் கொடு." வாங்கியவர் சொன்னார்: "நானா, என் கையில் இருந்தால் கொடுக்காமல் இருப்பேனா? மக்காவில் ஓட்டலுக்குக் கட்டியாச்சு, விசாவுக்குக் கட்டியாச்சு, விமானத்துக்குக் கட்டியாச்சு. என்னிடம் இருப்பது கடுதாசிதான்." இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் குற்றம் செய்யவில்லை. தர்ம நியாயம் பேசுகிறவர்களுக்கு இதைவிடச் சிக்கலான வழக்கு கிடைப்பது அரிது. குற்றவாளி இருந்தால் நஷ்டத்தை அவன் தலையில் வைத்துவிடலாம். இங்கே குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி.

மதரஸாவில் ஓதிய காலத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் மஸ்அலா ஒன்றை உஸ்தாதுமார்கள் சொல்லிக் கொடுத்தார்கள். மரத்தில் இருக்கும் பழத்தை ஒருவர் விலைபேசி வாங்கிவிட்டார். பறிக்குமுன் புயலோ வெட்டுக்கிளியோ வந்து அழித்துவிட்டது. நஷ்டம் யாருக்கு? இமாம் மாலிக் அவர்கள், அழிந்தது மூன்றில் ஒரு பங்கை எட்டினால் விற்றவரே விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இமாம் ஷாஃபிஈ அவர்களின் பிந்திய கருத்தோ, ஒப்படைத்துவிட்ட பின் நஷ்டம் வாங்கியவருடையது. விற்றவர் குறைத்துக்கொள்வது நற்குணம், ஆனால் கட்டாயமில்லை என்பது. இந்த இரண்டாவது கருத்தைச் சொல்லித்தான் சில பெரிய வியாபாரிகள் அப்போது தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் பாதி மஸ்அலாவைத்தான் பிடித்தார்கள். பழம் என்பது சரக்கு. இருக்கையும் அறையும் சரக்கல்ல, வாடகை. கிதாபுகளில் இஜாரா என்ற பாபில் வருவது. குடியிருக்க வாடகைக்குப் பிடித்த வீடு இடிந்து விழுந்துவிட்டால், மிச்ச நாளுக்கு வாடகை கிடையாது. அனுபவித்த நாளுக்கே கூலி. அனுபவிக்க இயலாமற்போன நாளுக்கு முன்கூட்டி வாங்கிய பணம், வாங்கியவர் பெட்டியில் கிடந்தாலும் அவர் சம்பாத்தியம் ஆகிவிடவில்லை.

வெள்ளைக்காரர் சட்டமும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. சட்டம் படித்த நண்பர் ஒருவர் சொன்ன கதையை அப்படியே தருகிறோம். 1902 ஜூனில் லண்டனில் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு முடிசூட்டு விழா. ஊர்வலம் போகும் பால் மால் தெருவில் ஒருவர் தம் வீட்டு அறைகளை, ஊர்வலம் பார்க்க இரண்டு நாளைக்கு 75 பவுனுக்கு வாடகை பேசி, 25 பவுன் முன்பணமும் வாங்கிக்கொண்டார். மன்னருக்குக் குடல்வால் நோய் வந்து ஊர்வலம் தள்ளிப்போயிற்று. அறை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, ஊர்வலம் இல்லை! மீதி 50 பவுனைக் கேட்டு வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனார். கொடுக்க வேண்டியதில்லை என்று 1903-ல் தீர்ப்பாயிற்று. நல்லது. ஆனால் 1904-ல் அதே ஊர்வலத்தைப் பற்றிய இன்னொரு வழக்கில், முன்பே கட்டிய பணம் திரும்பாது, நஷ்டம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்பது கேட்பதற்கு நடுநிலை போலத் தோன்றும். யோசித்துப் பார்த்தால், முந்திக் காசு கொடுத்த நல்லவனுக்கு நஷ்டம்; இழுத்தடித்தவனுக்கு லாபம். நம்பியவனைத் தண்டித்து நம்பாதவனுக்குப் பரிசு கொடுக்கும் நியாயம் அது. ஆங்கிலேயருக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். போலந்து நாட்டுக் கம்பெனி ஒன்று இயந்திரத்துக்குக் கட்டிய முன்பணம் யுத்தத்தால் மாட்டிக்கொண்ட வழக்கில், 1942-ல் பிரபுக்கள் சபை பழைய தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டு சட்டமே வந்தது: முன்பணம் திரும்ப வேண்டும், ஆனால் வாங்கியவர் அந்தக் காரியத்துக்காகவே உண்மையில் செலவு செய்திருந்தால், நியாயமென்று கோர்ட்டு கருதும் அளவு கழித்துக்கொள்ளலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதன் வழிவந்த சட்டம் இருக்கிறது.

கொரோனா காலத்தில் இந்த நாடுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. சிங்கப்பூர் 2020 ஏப்ரலில் நிறைவேற்றிய தற்காலிகச் சட்டம், நோயினால் நடத்த முடியாமற்போன கல்யாணம், விருந்து, சுற்றுலா ஏற்பாடுகளுக்குக் கொடுத்த முன்பணத்தைப் பறிமுதல் செய்வதைத் தடுத்தது. தகராறு வந்தால் நியாயம் சொல்ல மதிப்பீட்டாளர்களை நியமித்தது. அவர்கள் முன்னால் வக்கீல் வைத்துப் பேசவும் இடமில்லை என்றது. சாமானியர் நேரில் போய்த் தம் கதையைச் சொல்லலாம். மலேசியா அதே ஆண்டு அக்டோபரில் கொண்டுவந்த சட்டத்தில், மத யாத்திரைக்கான ஒப்பந்தங்களைத் தனி இனமாகவே பெயர் சொல்லிச் சேர்த்தது. மத்தியஸ்தத்துக்கும் வழி வைத்தது. இது நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விட்ட விஷயம்.

சட்டம் இருக்கட்டும். அதற்கு முன்பே நம் பேரேட்டில் நாமே பிரித்துப் பார்க்கத்தக்க ஒரு கணக்கு இருக்கிறது. வாடிக்கையாளர் கொடுத்த பணத்தை மூன்று கூறாக்கலாம். இன்னும் நம் பெட்டியில் இருப்பது ஒன்று. அதைப் பற்றிப் பேச்சே இல்லை; அது அமானிதம், கேட்குமுன் கொடுக்க வேண்டியது. அதைக் கடை வாடகைக்கும் ஆள் சம்பளத்துக்கும் எடுத்துக்கொண்டு, நிலைமை சரியில்லை என்று கைவிரிப்பது, பிறர் பணத்தில் நம் கடையைக் காப்பாற்றுவது. நாம் ஓடி ஆடி வேலை செய்ததற்கான கூலி இன்னொன்று. பாஸ்போர்ட்டைச் சரிபார்த்தோம், விசாவுக்கு நின்றோம் என்றால், அந்த உழைப்பு நடந்தது உண்மை. அதில் நியாயமான பங்கைப் பேசி வாங்கிக்கொள்வதில் நாம் தவறு காணவில்லை. லாபம் மட்டும் கூடாது. போகாத பிரயாணத்தில் லாபம் எங்கிருந்து வரும்?

சண்டை முழுவதும் மூன்றாவது கூறில்தான். நமக்கு மேலே இருக்கிறவருக்கு நாம் கட்டிவிட்ட பணம். இதில் நாம் ஒன்றை உறுதியாகச் சொல்வோம். பணம் ஆவியாகிப் போகும் பொருளல்ல. வாடிக்கையாளர் கையிலிருந்து ஏஜெண்டு கைக்கு, ஏஜெண்டிடமிருந்து மொத்த ஏஜெண்டுக்கு, அங்கிருந்து ஓட்டலுக்கும் விமானக் கம்பெனிக்கும் போயிருக்கிறது. எங்கோ ஓர் இடத்தில் நிற்கிறது. எந்தக் கையில் நிற்கிறதோ அந்தக் கைக்கே திருப்பும் கடமை முதலில் வருகிறது. ஆனால் நடந்தது என்ன? மேலே இருந்தவர் கதவைச் சாத்திக்கொண்டார். கீழே, தெருவில், முகத்துக்கு முகம் நின்றவர் மாட்டிக்கொண்டார். வாடிக்கையாளர் விமானக் கம்பெனியின் முகத்தைப் பார்த்ததில்லை. பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்கும் ஏஜெண்டுத் தம்பியைத்தான் பார்த்தார். தம்பிமார்கள் சிலர் வெள்ளிக்கிழமை வேறு பள்ளிவாசலுக்குப் போகத் தொடங்கியதை நாமே கண்டோம்.

பெரிய கம்பெனிகளுக்கும் கஷ்டம் உண்டு என்பதை மறுக்கவில்லை. பறக்காத விமானத்தை நிறுத்திவைப்பதற்கும் செலவு பிடிக்கிறது. ஆனால் அவர்களுக்குப் போக இடம் இருந்தது. சிங்கப்பூரின் விமானக் கம்பெனி 2020-ல் தன் பங்குதாரர்களிடமே 880 கோடி வெள்ளி திரட்டிக்கொண்டது. அதன் பெரிய பங்குதாரரான தெமாசெக் பின்னால் நின்றது. தெருவோர ஏஜெண்டுக்குப் பின்னால் யார் நின்றார்கள்? அவர் மனைவியின் நகைதான் நின்றது. ஆகையால் ஒரே கடமை என்றாலும், அதைத் தாமதப்படுத்தும் சலுகையை எல்லோரும் ஒரே அளவில் கேட்க முடியாது. வலுவுள்ளவர் முந்திக் கொடுத்தால் கீழே உள்ளவர் தாமாகவே கொடுப்பார். அமெரிக்க அரசாங்கம் 2020 ஏப்ரலில் விமானக் கம்பெனிகளுக்கு, நீங்கள் ரத்து செய்த பயணத்துக்குப் பணத்தைத் திருப்புவது உங்கள் கடமை என்று நினைவூட்டியதன் நியாயமும் இதுவே.

இங்கே ஒரு பலமான எதிர்வாதம் இருக்கிறது. "நூறு பேரும் ஒரே நாளில் வந்து கேட்டால் கடை மூடும். மூடினால் முதல் பத்துப் பேருக்குக் கிடைக்கும், மீதித் தொண்ணூறு பேருக்கு ஒன்றும் கிடைக்காது. அதைவிட எல்லோரும் பொறுத்தால் எல்லோருக்கும் கிடைக்குமே?" என்கிறார்கள். இதைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. வெள்ளத்தில் படகு ஒன்றுதான் என்றால் எல்லோரும் ஒரே பக்கம் சாயக் கூடாது. பணத்துக்குப் பதிலாகப் பிறகு பயணம் செய்வதற்கான சீட்டைப் பல கம்பெனிகள் கொடுத்ததும் இந்த எண்ணத்தில்தான். அந்தச் சீட்டை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அது என்ன என்று அதன் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். அது வாடிக்கையாளர் கடைக்காரருக்குக் கொடுக்கும் கடன். வட்டியில்லாத, ஈடில்லாத, தவணை கூடச் சரியாக எழுதாத கடன். கடன் கேட்கிறவர் எப்படிக் கேட்க வேண்டும் என்று நம் வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிரில் உட்கார்ந்து, நிலைமையைச் சொல்லி, தவணை சொல்லி, இஷ்டமிருந்தால் கொடுங்கள் என்று கேட்பது மரபு. "இனி உங்கள் பணம் சீட்டாக மாறிவிட்டது" என்று ஒரு தகவல் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் வேறு.

உட்கார்ந்து கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் நம்மை ஆச்சரியப்படுத்தியது. நாம் மேலே சொன்ன தம்பி ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டுக்கும் தொலைபேசியில் பேசி, ஓட்டலில் நிற்பது இவ்வளவு, விமானத்தில் நிற்பது இவ்வளவு, என்னிடம் இருப்பது இவ்வளவு என்று பிரித்துச் சொன்னார். தம்மிடம் இருந்ததை முதல் மாதத்திலேயே கொடுத்தார். மீதிக்கு அவகாசம் கேட்டார். பெரும்பாலோர் கொடுத்தார்கள். இரண்டு மூன்று பேர் கொடுக்கவில்லை. வேலை போய்விட்டது, வீட்டுக்குக் காசு வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு எங்கெங்கோ புரட்டி முதலில் தீர்த்தார். அவகாசம் கொடுத்தவர்கள் பெரிய மனதுக்காரர்கள். ஆனால் கொடாதவர்கள் சின்ன மனதுக்காரர்கள் அல்லர். தங்கள் ஹக்கைத்தான் கேட்டார்கள். அவகாசம் என்பது கொடுக்கிறவர் கையில் இருக்கும் நன்மை. வாங்குகிறவர் அதை உரிமையாகக் கேட்கத் தொடங்கிய நொடியில் அது நன்மையாக இல்லாமல் தண்டலாகிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைப் பேசுவோர் குறைவு. சீட்டுக்குப் பின்னால், ஒரு நாள் எல்லாம் திறக்கும், அப்போது போய்க்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. இளைஞருக்கு அது பொருந்தும். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் காசு கட்டியவர்களில் இளைஞர் எத்தனை பேர்? ஆயுள் முழுவதும் சேர்த்து, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, கடைசியில் புறப்பட்டவர்கள் அவர்கள். 2022-ல் சவூதி அரேபியா வெளிநாட்டு ஹாஜிகளுக்குக் கதவைத் திறந்தபோது, 65 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டுமே வரலாம் என்று விதித்தது. 2020-ல் 63 வயதில் காசு கட்டியவருக்கு 2022-ல் வாசல் திறந்தது. ஆனால் அவருக்கு அல்ல. அடுத்த ஆண்டு அந்த வயது வரம்பு நீங்கியது என்பது உண்மையே. அதற்குள் நோயிலும் முதுமையிலும் எத்தனை பேர் மவுத்தாகிவிட்டார்கள் என்பதை அவரவர் ஊர்க் கபுருஸ்தான் அறியும்.

இறந்தவருக்குச் சீட்டால் பயனில்லை. அவர் பணம் அவர் விட்டுச்சென்ற சொத்தில் சேர்ந்துவிட்டது. அதில் அவர் கடன்காரர்களுக்கும் பிறகு வாரிசுகளுக்கும் பங்கு இருக்கிறது. அந்த வாரிசுகளில் சிலர் கடையநல்லூரிலோ, நாகூரிலோ, ஜொகூரிலோ இருக்கலாம். தகப்பனார் யாரிடம் எவ்வளவு கட்டினார் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ரசீது தகப்பனாரின் தலையணைக்கடியில் இருந்து, மையித்து எடுத்த அன்று மற்றக் கடுதாசிகளோடு போயிருக்கலாம். கேட்க ஆள் வரமாட்டார். ஆனால் பேரேடு கடைக்காரரிடம் இருக்கிறது. பெயரும் தொகையும் அதில் இருக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து, கோடு போடாமல் நிற்கும் பெயர்கள் எவையென்று பார்த்து, விலாசம் தேடிப் போக வேண்டியவர் அவர்தான். நம் தெருத் தம்பியின் பேரேட்டில் அப்படி இரண்டு பெயர்கள் இன்னும் நிற்கின்றன. ஒன்றுக்கு விலாசம் கிடைத்துவிட்டது. மற்றொருவரின் மகனைப் பற்றி ஊர் ஜமாஅத்துக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்.